லக்கேஜ் தராசுல வில்லு எடை பாத்த மூணு வருஷம்

வாங்குனது என்னமோ பெட்டி எடை போடுற லக்கேஜ் தராசுதான், ஆனா இந்த மூணு வருஷத்துல அதுல ஒரு பெட்டியக்கூட மாட்டுனதில்ல. எங்க பாப்பா ரீகர்வ் வில்லு பழகுறா, அந்த வில்லோட டிரா வெயிட்ட, அதாவது நாண முழுசா இழுத்துப் பிடிக்க எவ்வளவு பாரம் வருதுங்கிறத, வீட்டுலயே பாத்துக்கத்தான் இத வாங்குனேன். ஐநூறு ரூபாக்குள்ளதான் வந்துச்சு, 50 கிலோ தாங்கும், பத்துப் பத்து கிராமா காட்டும், மேல ஒரு கைப்பிடி, கீழ ஒரு நாடாவுல கொக்கி, அம்புட்டுதான். வில்லுக்குன்னே தனியா தராசு விக்கிறாங்க, அதோட விலையப் பாத்துட்டு மூடி வச்சுட்டேன்.

வில்லோட வளையிற கை ரெண்டையும் லிம்ப்னு சொல்லுவாங்க. அந்த லிம்புலயே பவுண்ட் அச்சடிச்சிருக்கே, அப்புறம் எதுக்கு தராசுன்னு எங்க வீட்டம்மா கேட்டது நியாயமான கேள்விதான். எங்க பாப்பாவோட முதல் லிம்புல 68-26, 66-28ன்னு ரெண்டு கணக்கு போட்டிருந்துச்சு. அதாவது 25 இன்ச் ரைசர்ல (கைப்பிடி உள்ள நடுத்துண்டு) மாட்டுனா வில்லு 68 இன்ச், 26 பவுண்ட். அதே லிம்ப 23 இன்ச் ரைசர்ல மாட்டுனா வில்லு 66 இன்ச்சா குறையும், பவுண்ட் 28ஆ ஏறும். ஆனா இந்த ரெண்டு கணக்குமே 28 இன்ச் இழுத்தா வர்றது. பதிமூணு வயசுப் புள்ள எங்க 28 இன்ச் இழுக்குறது, அப்ப அவ டிரா 26 இன்ச்தான். ஒரு இன்ச் குறைஞ்சா சுமாரா ரெண்டு பவுண்ட் குறையும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, பாப்பாவோடது 23 இன்ச் ரைசர், அதுப்படி 28ல நாலு போக அவ விரல்ல வர்றது 24. லிம்ப் போல்ட்ட உள்ள வெளிய திருகி வச்சிருந்தா அதுவும் கொஞ்சம் மாறும். அம்பு வாங்கப் போனா ஸ்பைன் நம்பர், அதாவது அம்போட விறைப்பு, பாக்குறதுக்கு கேக்குறது இந்த விரல்ல வர்ற பவுண்டத்தான், லிம்புல எழுதுனத இல்ல.

எங்க வீடு ஒத்தக்கடை பக்கம், போர்ட்டிகோவுல அப்பா காலத்துல ஊஞ்சல் தொங்குன கொக்கி ரெண்டு இருக்கு, அதுல ஒண்ணுலதான் தராச மாட்டுனேன். தராசுக் கொக்கியில வில்லோட நாண மாட்டணும், வில்லு கிடைமட்டமா தொங்கும், ரைசர் கீழ இருக்கும், கைப்பிடியப் பிடிச்சு மெதுவா கீழ இழுக்கணும். எவ்வளவு இழுத்திருக்கோம்னு தெரியிறதுக்கு முனை கழட்டின ஒரு பழைய அலுமினிய அம்புல பேனாவுல கோடு போட்டு நாண்ல மாட்டி விட்டுருவேன். இங்க ஒரு விசயம் கவனிக்கணும், டிரா லெங்த் 26 இன்ச்னா நாண்ல இருந்து கைப்பிடியோட பள்ளம் வரைக்கும் 26 இல்ல, 24.25தான். பள்ளத்துக்கு முன்னாடி 1.75 இன்ச் சேத்துத்தான் வில்லுக்காரங்க ஏஎம்ஓன்னு சொல்ற பொது அளவுக் கணக்கு. இத விட்டுட்டு அளந்தா மூணு பவுண்டுக்கு மேல கூடக் காட்டும், அந்தத் தப்பு மட்டும் நான் பண்ணல, அத முதல்லயே படிச்சிருந்தேன்.

நான் பண்ணது வேற தப்பு. வில்ல கொக்கியில மாட்டிட்டு தராச ஆன் பண்ணுவேன், 0.00ன்னு வரும், இழுப்பேன், 26 இன்ச் கோட்டுல 9.4 கிலோ வந்துச்சு. 2.2 ஆல பெருக்குனா 20.7 பவுண்ட். 24 வர வேண்டிய இடத்துல 20.7. நாலு நாள் விடாம பாத்தேன், நாலு நாளும் அதே. சரி, லிம்ப் கம்பெனிக்காரன் கூட்டித்தான் அச்சடிச்சிருக்கான்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன்.

அந்த சமயம் பாத்து கோச் சொன்னாரு, இந்த வருஷம் பூரா 24லயே நிக்கட்டும், அவசரப்படாதீங்கன்னு. நான் என்ன பண்ணேன், புள்ள 20.7ல இழுக்குறா, 24க்கு கொண்டுவரணும்னா அடுத்த லிம்ப்தான்னு கணக்குப் போட்டு 66-32 லிம்ப வாங்கிட்டேன். எல்லா லிம்பும் 3.3 பவுண்ட் கூட்டித்தான் எழுதியிருக்கும், அப்ப 26 இன்ச்ல 28 வர வேண்டிய இது கையில 24.7 வரும்னு ஒரு நம்பிக்கை. மாட்டி அளந்தா அதே மாதிரி 24.7 வந்துச்சு! எம்புட்டு சந்தோசம் எனக்கு, விஞ்ஞானி மாதிரி ஒரு நெனப்பு.

ரெண்டாவது வாரமே பாப்பா தோள்பட்டை வலிக்குதுப்பான்னா. பழகப் பழக சரியாப் போகும்னு சொன்னேன், இப்ப நெனச்சாலும் சங்கடமா இருக்கு. முப்பது மீட்டர்ல முதல் இருபது அம்பு நல்லா விடுவா, அப்புறம் முழுசா இழுக்காமலே விட ஆரம்பிச்சா, தாடைக்கு கை வரவே இல்ல. கோச் வில்ல வாங்கி ஒருதரம் இழுத்துப் பாத்துட்டு, "சார், இது எந்த ஊரு 24? 28க்கு கம்மியில்லாம இருக்கு"ன்னாரு. நான் தராசக் காமிச்சு பேசுனேன், அவரு கையக் காமிச்சு பேசுனாரு. "எதுக்கும் அந்த தராச ஒருதரம் செக் பண்ணுங்க சார்"னுட்டுப் போயிட்டாரு.

செக் பண்ண வீட்டுல என்ன இருக்கு, அரிசி மூட்டை இருந்துச்சு. புதுசா பிரிக்காத சிப்பம், மாட்டுனா 26.1 கிலோன்னுச்சு. எனக்கு பக்குன்னு ஆயிருச்சு, இருபத்தஞ்சு கிலோ சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடக் காட்டுதே, அப்ப பாப்பா இழுக்குறது நான் நெனச்சதவிட இன்னமும் கம்மியான்னு. வீட்டம்மா வந்து பையத் திருப்பி காமிச்சுச்சு, 26 கிலோன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. 2022ல 25 கிலோ வரைக்கும் உள்ள பைக்கு ஜிஎஸ்டி போட்டாங்கல்ல, அதுல இருந்து மில்லுக்காரங்க 26ஆ கட்ட ஆரம்பிச்சாங்க, மாசாமாசம் அரிசி வாங்குறது அதுதானே, அதுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அப்புறம் முக்கு மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட முத்திரை குத்துன அஞ்சு கிலோ எடைக்கல்லு ரெண்டு கடன் வாங்கிட்டு வந்து மாட்டுனேன். ஒண்ணுக்கு 5.01, ரெண்டுக்கு 10.02. தராசு ராசாதான்.

அப்ப தப்பு எங்க? பதில் தற்செயலாத்தான் வந்துச்சு. இந்த தராசு ரெண்டு நிமிசம் சும்மா இருந்தா தானா ஆஃப் ஆயிரும். ஒருநா வில்ல மாட்டுறதுக்கு முன்னாடியே தராச ஆன் பண்ணிட்டேன், அப்புறம் வில்ல மாட்டுனா, இழுக்கவே இல்ல, 1.50 கிலோ காட்டுது. வில்லோட சொந்த எடை! இத்தன நாளா வில்லு தொங்கும்போதே ஆன் பண்ணிக்கிட்டு இருந்தேன், அது ஆன் ஆகுறப்ப என்ன தொங்குதோ அத பூஜ்யம்னு எடுத்துக்கிரும். ஒன்றரைக் கிலோன்னா 3.3 பவுண்ட். காணாமப் போன 3.3 அங்கதான் இருந்துச்சு.

ஆனா வில்லோட எடையக் கழிக்கிறதுதானே நியாயம்னு எனக்கே ஒரு சந்தேகம் வந்து ரெண்டு நாள் மண்டையக் குடைஞ்சுச்சு. உக்காந்து யோசிச்சா புரியுது. வில்லு நாண்லதான் தொங்குது. என் கை கீழ இழுக்குறதும், ரைசரோட கனம் கீழ இழுக்குறதும் ரெண்டும் சேந்துதான் லிம்ப வளைக்குது. நாண் தாங்குற மொத்த பாரம் எவ்வளவோ அதுதான் டிரா வெயிட், தராசு காட்டுறதும் அந்த மொத்தத்தத்தான். அதுனால கழிக்கக் கூடாது, வெறும் கொக்கியில பூஜ்யம் வச்சுட்டுத்தான் வில்ல மாட்டணும். இதுவே வில்லோட கைப்பிடிய தராசுல மாட்டி, நாணப் பிடிச்சு கீழ இழுக்குற ஆளுங்களும் உண்டு, அவங்க வில்லோட எடையக் கட்டாயம் கழிக்கணும், ஏன்னா அங்க வில்லு சும்மா தராசுக்குத்தான் பாரம், நாணுக்கு இல்ல. ஒரே வில்லு, ஒரே தராசு, மாட்டுற பக்கம் மாறுனா கணக்கு தலைகீழ்.

சரியா அளந்தப்ப பழைய லிம்ப் 10.9 கிலோ, 24 பவுண்ட், லிம்புல எழுதுன கணக்கு அப்படியே வந்துச்சு. புதுசு 12.7 கிலோ, 28 பவுண்ட். கோச்சோட கை தராசவிட நல்லா வேலை செஞ்சிருக்கு. லிம்ப் போல்ட்ட வெளிய திருகி 26.6 வரைக்கும் இறக்கிப் பாத்தேன், அதுக்கு மேல திருகக் கூடாது, கழண்டு லிம்ப் தெறிச்சா முகத்துலதான் அடிக்கும். 26.6மே அப்ப அவளுக்கு ஜாஸ்திதான், பழைய லிம்பையே மாட்டி நாலு மாசம் ஓட்டுனோம், தோள் வலி அதுல போச்சு. லிம்ப் கம்பெனிக்காரனத் திட்டுனதுக்கு மனசுக்குள்ள ஒரு மன்னிப்பு.

அந்த நாலு மாசத்துல வேற வேலை இல்லாம ஒவ்வொரு இன்ச்சா அளந்து பாப்பாவோட ரஃப் நோட்டுல எழுதி வச்சேன். 24 இன்ச்ல 20.4, 25ல 22.2, 26ல 24, 27ல 25.9. இன்ச்சுக்கு ரெண்டு பவுண்ட்னு சொல்றது இந்த லிம்புக்கு 1.8தான். இத எழுதி வச்சது பின்னாடி ரொம்ப உதவுச்சு, ஏன்னா லிம்ப் மாறாட்டியும் புள்ள வளருதுல்ல. அடுத்த வருஷம் அவ டிரா 26.75 ஆயிருச்சு, போல்ட்ட அதே இடத்துல வச்சு மறுபடி மாட்டியிருந்த 32 லிம்ப் 26.6ல இருந்து 28.1க்கு தானா ஏறிருச்சு, யாரும் எதையும் தொடல. இப்ப அவளுக்கு அது சுகமா இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருக்கா முதல்ல அவ டிராவ அளப்பேன், அப்புறந்தான் வில்ல.

தராசப் பத்தி குறைன்னு சொன்னா, அந்த ஹோல்ட் ஆகுற சமாச்சாரம்தான். ஒரு நொடி கை ஆடாம இருந்தா நம்பர பூட்டிக்கிரும், கோட்டுக்கு அரை இன்ச் முன்னாடி நாம மூச்சு வாங்க நின்னா அங்கயே பூட்டிட்டு பீப்புங்கும். அதுனால செல்போன ஸ்டூல் மேல சாத்தி வச்சு டிஸ்ப்ளேயும் அம்புக் கோடும் ஒண்ணா தெரியிற மாதிரி வீடியோ எடுத்து, கோடு தொடுற இடத்துல நிறுத்திப் பாப்பேன். சிநேகிதர் ஒருத்தர் கப்பி வச்ச காம்பவுண்ட் வில்லு கொண்டுவந்தாரு, அதுக்கு வீடியோ இல்லாம முடியவே முடியாது, அதுல உச்சம் நடுவுல வந்துட்டு கடைசியில பாரம் பாதிக்கும் கீழ இறங்கிரும், தராசு அந்த இறங்குனத பூட்டிக்கிட்டு இதான் வெயிட்டுன்னு சாதிக்குது.

கத்திரி வெயில்ல போர்ட்டிகோவுலயே விட்டா டிஸ்ப்ளே கறுத்துரும், நிழலுக்கு வந்தா சரியாயிரும். கொக்கி இரும்பு நாணோட சர்விங்க, அதான் நாண் மேல சுத்தியிருக்குற காப்பு நூல, அறுக்கும், அதுனால சைக்கிள் டியூப் சுத்தியிருக்கேன். ரெண்டாவது வருஷம் கொக்கி நாடாவோட தையல் பிரிய ஆரம்பிச்சது, நல்லவேளை இழுக்குறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டுச்சு. பாதி இழுத்திருக்கும்போது பிச்சுக்கிட்டிருந்தா அம்பில்லாம நாண விட்ட மாதிரிதான், லிம்ப் வெடிச்சாலும் வெடிக்கும். செருப்பு தைக்கிறவர்கிட்ட குடுத்து மூணு வரிசை தையல் போட்டுட்டேன், கொக்கிக்கும் ஊஞ்சல் கொக்கிக்கும் சேத்து ஒரு நைலான் கயிறும் கட்டி விட்டுட்டேன். குளியலறை எடை மெசின் மேல கட்டையை நட்டு வச்சு அதுல நாண மாட்டி வில்லக் கீழ அமுக்குற முறையும் செஞ்சு பாத்தேன், கட்டை ஒருதரம் வழுக்குச்சு, அன்னைக்கோட விட்டுட்டேன்.

கடைசியா ஒண்ணு. போன தீபாவளிக்கு பக்கத்து வீட்டு மாமா பங்கு கறி போட தராசக் கேட்டாரு, குடுத்தேன், கழுவித்தான் குடுத்தாரு, இருந்தாலும் ஒரு வாரம் வாசம் போகல. அதுக்கு அடுத்து வில்ல மாட்டுனா, 28.1 வர வேண்டிய எடத்துல 25.5. நான் அப்ப பவுண்ட் யூனிட்ல வச்சிருந்தேன். லிம்ப் சோந்து போச்சா, எங்கயாச்சும் விரிசலான்னு விரலால தடவித் தடவிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. பாப்பாதான் அண்ணாச்சி எடைக்கல்ல எடுத்து மாட்டுனா, அஞ்சு கிலோ கல்லு 10.02ன்னு காட்டுது. மாமா கிலோவுக்கு மாத்துறேன்னு பட்டன அமுக்கி அமுக்கி கடைசியில ஜின்ங்கிற சீனா யூனிட்ல விட்டிருக்காரு, அது அரைக் கிலோ. ஓரத்துல ஒரு சீன எழுத்து பொடிசா தெரியுது, யாரு பாத்தா அத. கிலோவா இருந்தா பாதியா நிக்கும், உடனே தெரிஞ்சிரும், ஜின் பவுண்டுக்கு பத்து சதம் பக்கத்துலயே நிக்கிறதால ஏமாத்திருச்சு. மாமா கறி எந்தக் கணக்குல பங்கு போட்டாருன்னு நான் கேட்டுக்கல.

எடைக்கல்லு ஒண்ண அண்ணாச்சிகிட்ட காசு குடுத்தே வாங்கிட்டேன், அளக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தரமும் மாட்டிருவேன். இந்த தீபாவளிக்கும் மாமா கேட்டு வச்சிருக்காரு, குடுக்காம முடியாது, யூனிட் பட்டன் மேல எம்-சீல் வச்சு அடச்சுட்டேன்.