ஏ/எல், ஏ/பி பெயர்களும் இலவச மேற்கோள் கருவிகளும்

பகலெல்லாம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, இரவில் காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்று துணைநூற்பட்டியலோடு மல்லுக்கட்ட யாருக்குத் தெம்பு இருக்கிறது? கோலாலம்பூரில் பகுதிநேர முதுகலை ஆய்வு தொடங்கியபோது நான் சோட்டேரோ (Zotero) என்ற இலவச மேற்கோள் கருவியைத் தேர்ந்ததற்கு அதுதான் காரணம். சில ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். உடன் படிப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்வதில்லை.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளியான திறமூல மென்பொருள் அது. புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணையோ (நூல்களுக்கான பன்னாட்டு அடையாள எண்) கட்டுரையின் டிஓஐ எண்ணையோ (இணையக் கட்டுரைகளுக்கான நிலையான அடையாளம்) கொடுத்தால் விவரங்களைத் தானே எடுத்துக்கொள்கிறது. வேர்டில் எழுதும்போது மேற்கோளைச் செருகினால் பட்டியலும் கூடவே வளர்கிறது. மேற்கோளைச் சிகாகோ முறையிலிருந்து ஏபிஏ என்ற இன்னொரு முறைக்கு மாற்றச் சொன்னார்களா, ஒரு சொடுக்கில் முடிந்தது. ஏபிஏ 7ஆம் பதிப்புக்குத் தேவையில்லாத பதிப்பூர்ப் பெயர்கள்கூடத் தாமாகவே விலகிக்கொண்டன.

தலைவலி நம்மவர் பெயர்களில்தான். மலேசியாவில் தந்தை பெயருக்கு முன் வரும் ஏ/எல் என்றால் மலாயில் மகன், ஏ/பி என்றால் மகள். கவிதா ஏ/பி சுப்பிரமணியம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்திலிருந்து வரும்போதே கடைசிச் சொல் குடும்பப் பெயராகிவிடும். பட்டியலில் அவர் "சுப்பிரமணியம், கே." என்று நிற்பார். எழுதியவர் மகள், பெயர் வாங்குபவர் அப்பா! சில வேளை அந்த ஏ/பி கூட ஒரு முதலெழுத்தாகி ஒட்டிக்கொள்ளும். அதேபோல் "பின்" (மகன்), "பிந்தி" (மகள்) என்ற சொற்கள் உள்ள மலாய்ப் பெயர்களுக்கும் இதே கதிதான். இன்னொரு தரவுத்தளம் அதே கவிதாவை வேறு வரிசையில் தந்தால், பட்டியலில் ஒருவரே இருவராகிவிடுவார். சோட்டேரோவில் ஆசிரியர் பெயரை இரண்டு கட்டங்களாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் வைக்கும் வசதி உண்டு. அப்படி மாற்றினால் பெயர் எழுதியபடியே வரும். சோட்டேரோவில் நாம் சேர்த்து வைத்த ஒரு பதிவைத் திருத்தினால், அதை மேற்கோள் காட்டிய இடங்களிலெல்லாம் மாறிவிடும். ஒவ்வொரு பதிவையும் சேர்த்த கையோடு பெயரைச் சரிபார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

பழைய தமிழ் மூலங்களுக்குத் தானியங்கி வசதி பெரும்பாலும் கைகொடுக்காது. 1966இல் இதே கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பு ஐஎஸ்பிஎன் முறை வருவதற்கு முந்தையது. மாநாடு நடந்த ஆண்டு வேறு, தொகுப்பு அச்சான ஆண்டு வேறு. இரண்டையும் நாமேதான் பார்த்துப் பதிய வேண்டும். தமிழ் நேசன் நாளிதழின் பழைய இதழ்களும் அப்படித்தான்: தலைப்பு, தேதி, பக்கம் எல்லாம் கைவேலை.

ஒரே ஒரு பருவக் கட்டுரைக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். சோட்டேரோபிப் என்ற இணையதளம் போதும். கணக்குத் திறக்க வேண்டியதில்லை. யுனிவர்சிட்டி நிலையத்தில் எல்ஆர்டி ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியிலேயே நாலைந்து நூல்களைச் சேர்த்துவிடலாம். பட்டியல் உலாவியிலேயே சேமிக்கப்படுவதால், உலாவியைத் துடைத்தால் அதுவும் போய்விடும். நூலகத்தின் பொதுக் கணினியில் செய்பவர்கள் எழுந்து போகுமுன் இணைப்பு ஒன்றை உருவாக்கித் தங்களுக்கே அனுப்பிக்கொள்வது நல்லது. விளம்பரம் கொட்டும் வேறு சில தளங்களையும் பார்த்தேன். காணொளி ஓடி முடியும்வரை ஒரு மேற்கோளுக்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கில்லை. செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் நூற்பட்டியல் கேட்பவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: அது தரும் ஒவ்வொரு நூலையும் நூலகப் பட்டியலில் தேடிப் பாருங்கள். இல்லாத நூலையும் அது கூசாமல் எழுதித் தரும்.

சோட்டேரோவின் இணையச் சேமிப்பில் கோப்புகளுக்கு இலவசமாகக் கிடைப்பது 300 எம்பி இடம்தான். பழைய நாளிதழ்ப் பக்கங்களை வருடி (ஸ்கேன் செய்து) சேர்ப்பவர்களுக்கு அது சீக்கிரமே நிறைந்துவிடும். நூல் விவரங்கள் அந்தக் கணக்கில் சேராது. அதனால் நான் கோப்புகளின் ஒத்திசைவை நிறுத்திவிட்டு, விவரங்களை மட்டும் இணையத்தில் வைத்திருக்கிறேன். பிடிஎஃப் எல்லாம் கையடக்க வன்தட்டில் இருக்கின்றன. காசு கட்டிக் கூடுதல் இடம் வாங்கும் அவசியம் இதுவரை வரவில்லை.