5 மணிக்கு எழுந்திரிக்க 35,400 ரூபாய் கொடுத்த கதை

மறுபடி டிசம்பர் வந்துவிட்டது. ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் நாலில் ஒன்று "2026-இல் நீங்கள் வேறு ஆள்" என்கிறது. போன வருடம் இதே வாரத்தில்தான் அப்படி ஒரு ஆன்லைன் வகுப்பில் நான் மாட்டினேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் வரும். பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. ஒரே ஆட்டத்தைப் பல பேர் ஆடுகிறார்கள், சட்டை நிறம்தான் வேறு.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பில்லில் ஒரு ரூபாய் உதைத்தாலும் ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடிக்கிற ஆள். அதனால்தான் இதை எழுதவே ஒரு வருடம் கூச்சமாக இருந்தது.

வயது 38. பிபி எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஐந்து வருடமாக ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் காலை 5 மணிக்கு எழுவதாகச் சபதம் எடுத்து, பொங்கலுக்குள் விட்டுவிடுவேன். அந்த நேரம் பார்த்து "21 நாளில் புதிய நீங்கள், 99 ரூபாய் நேரலை வகுப்பு" என்று விளம்பரம் வந்தது. 99 ரூபாய்தானே, ஒரு பிரியாணிக் காசு கூட இல்லை என்று கட்டினேன்.

2024 டிசம்பர் 29, ஞாயிறு காலை 11 மணிக்கு வகுப்பு. முதல் ஒன்றரை மணி நேரம் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இதுவரை கைவிட்ட சபதங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னார் வகுப்பு நடத்தியவர். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, "பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளை உங்களிடம் என்ன கேட்கும்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் திறந்தால் திரையில் விலை. 75,000 அடித்துவிட்டு 29,999. முதல் 20 பேருக்கு மட்டும். கீழே 15 நிமிடக் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. பக்கத்தில் "கட்டிட்டேன் சார்", "நானும் சேர்ந்துட்டேன்" என்று செய்தி மேல் செய்தி.

லிங்கைத் தொட்டு இரண்டு நிமிடம் ஆகவில்லை, போன் வந்தது. இளம் பையன் குரல். "அண்ணா, உங்களுக்கு ஒரு சீட் லாக் பண்ணி வச்சுட்டேன். மொத்தமா கட்ட வேண்டாம், மாசம் 2,950 தான். ஒரு நாளைக்கு நூறு ரூபா கூட வராது, டீ வடைச் செலவுண்ணா." ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்து 29,999 என்பது 35,400 ஆகிவிட்டதை நான் கவனித்தேன். கவனித்தும் தலையாட்டினேன். அடுத்து ஒரு லிங்க் வந்தது. பான் எண், ஆதார் ஓடிபி, செல்ஃபி, கடைசியில் வங்கிக் கணக்கில் தானாகப் பணம் எடுக்க அனுமதி. "அது சும்மா டெர்ம்ஸ்தாண்ணா, கீழ இறக்கி டிக் பண்ணுங்க" என்று லைனிலேயே இருந்தான். அந்த 11 நிமிடத்தில் 'கடன்' என்ற சொல்லை அவன் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்தான் சொன்னது: உங்கள் பெயரில் 35,400 ரூபாய் கடன் வழங்கப்பட்டது, செயல்பாட்டுக் கட்டணம் 590 தனி.

வீட்டில் சொன்னேன். "ஏனுங்க, அஞ்சு மணிக்கு எந்திரிக்கறதுக்கு முப்பத்தஞ்சாயிரமா? எங்க ஊட்டுச் சேவல் சும்மாதானுங்க கூவுது" என்றாள். அத்தோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

வகுப்பு என்று வந்தது என்ன? முன்னரே பதிவு செய்த வீடியோக்கள், தினம் 12 நிமிடம். ஒரு வாட்ஸ்அப் குழு. காலை 5.15-க்குள் எழுந்த முகத்தோடு படம் எடுத்துப் போட வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுபடி முதல் நாளிலிருந்து. 'தனிப்பட்ட பயிற்சியாளர்' என்று ஒருவர் வாரம் ஒருமுறை பேசுவார் என்றார்கள். வந்த ஒரே அழைப்பில் பேசியது அதே விற்பனைப் பையன், 60,000 ரூபாய் அடுத்த கட்டப் பயிற்சிக்குச் சேரச் சொல்லி.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். கணக்கு முடித்து நான் வீடு சேர 11 மணி ஆகும். ஜனவரி 5, ஞாயிறு காலை 5.40-க்குத்தான் விழித்தேன். குழுவில் என் பெயருக்கு நேரே மறுபடி 'நாள் 1' என்று போட்டார்கள். அடுத்த ஞாயிறும் அதே.

21 நாள் என்பதை விஞ்ஞானம் நிரூபித்தது என்று அந்த வகுப்பில் மூன்று தடவை சொன்னார். அந்த எரிச்சலில்தான் நான் தேடிப் படித்தேன். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அதில் 'குறைந்தது' உதிர்ந்துபோய், முகமும் உதிர்ந்துபோய், 21 மட்டும் தங்கிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தன்போக்கில் நடக்கத் தொடங்க நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். முக்கியமாக, நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை. அதாவது என்னை இரண்டு தடவை 'நாள் 1'-க்குத் தள்ளிய விதிக்கு ஆதாரமே கிடையாது. பிறகு அது எதற்கு?

பணம் திரும்பத் தரும் நிபந்தனையைப் படித்தபோது புரிந்தது. '100 சதவீதப் பண உத்தரவாதம்' உண்டு. ஆனால் 21 நாளும் இடைவெளி இல்லாமல் முடித்து, 21 படங்களும் 21 பக்க நாட்குறிப்பும் ஏற்றியவர்களுக்கு மட்டும். முடித்தவன் எதற்குப் பணம் கேட்கப் போகிறான்? கேட்கிறவன் எவனும் முடித்திருக்க மாட்டான். கணக்குப் பிள்ளையாக அந்த வரியைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்தது.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஜனவரி கடைசியில் வீட்டுக்காரம்மா போனிலிருந்து இன்னொரு 99 கட்டி அந்த 'நேரலை'க்குள் போனேன். அதே இடத்தில் இருமினார். அதே இடத்தில் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, "ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்" என்றார். டிசம்பரில் கேட்ட அதே சகோதரி, அதே கேள்வி. கடிகாரம் ஓடும்போது பக்கத்தை மூடித் திறந்தேன், மறுபடி 15:00. இந்தப் பொய் அவசரத்துக்கும், வரியைக் கடைசியில் சேர்த்து விலையை ஏற்றுவதற்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே தடை போட்டிருக்கிறது. 13 தந்திரங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. நான் மாட்டியதில் மூன்று நாலு தேறும்.

கடனைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், பலரும் விழுவது இங்கேதான். வகுப்பு ஒரு ஒப்பந்தம், கடன் வேறு ஒப்பந்தம். வகுப்பு நடத்துகிறவர் முழுப் பணத்தையும் அன்றைக்கே வாங்கிக்கொள்கிறார். அதற்கப்புறம் நாம் கட்டுவது ஃபைனான்ஸ் கம்பெனிக்கு. பாடம் சரியில்லை என்று அவர்களிடம் சொன்னால், "அது எங்களுக்குச் சம்பந்தமில்லை சார்" என்பார்கள். மார்ச் மாதம் கோபத்தில் கணக்கில் பணம் வைக்காமல் விட்டேன். தவணை திரும்பியதற்கு அங்கே ஒரு அபராதம், வங்கியில் ஒரு அபராதம், தினம் நாலு போன். கடன் வாங்கும் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் 781-இலிருந்து 712-க்கு இறங்கியது.

டிஜிட்டல் கடனை எடுத்த சில நாட்களுக்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேறலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எத்தனை நாள் என்பது கடன் விவரத் தாளில் எழுதியிருக்கும். எனக்கு மூன்று நாள். நான் கையெழுத்துப் போட்டது டிசம்பர் 29. முதல் வகுப்பு ஜனவரி 1. சரக்கு எப்படி என்று தெரிவதற்குள் கதவைச் சாத்தியாயிற்று.

புகார் கதை நீளம், சுருக்கிவிடுகிறேன். ரசீதில் இருந்த பெங்களூரு விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிந்த பிறகுதான் அசைந்தார்கள். முதலில் "இன்னொரு கோர்ஸ் இலவசம்". பிறகு 12,000 ரூபாய் தருகிறோம், முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டு, எங்கள் பெயரை எங்கும் எழுத மாட்டேன் என்று மெயில் போடுங்கள் என்றார்கள். அலுத்துப்போய்ப் போட்டேன். பெயர் எழுதாத காரணம் அதுதான். நீங்கள் போடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கிற ஊரிலேயே, இணையம் வழியாகவே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் உண்டு. எனக்கு இது மெயில் அனுப்பி ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

இப்போது 6.15-க்கு எழுந்து மகளைப் பள்ளி வேன் ஏற்றிவிட்டு அப்படியே நடக்கிறேன், வாரத்தில் நாலு நாள். ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறேன்.

நேற்று ராத்திரி அதே ஆள் ரீல்ஸில் வந்தார். புது நீலச் சட்டை, அதே 99 ரூபாய். என் கடைசித் தவணை ஜனவரி 5. 2026-இல் என் கணக்கிலிருந்து முதலில் போகப்போவது அந்த 2,950 தான்.