ரூம் ஷெட்யூலில் சீலிங் உயரம்: கையால் தட்டிக் கொடுத்துவிட்டு 'ஆட்டோமேட்டிக்' என்கிறார்கள், உஷார்

கட்டட மாடல் வேலையை வெளியே கொடுக்கும் சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களுக்கும் இன்டீரியர் செய்பவர்களுக்கும் இந்தப் பதிவு. ரெவிட் (கட்டடத்தை முப்பரிமாணத்தில் மாடல் செய்யும் மென்பொருள்) மாடலோடு வரும் ரூம் ஷெட்யூலில், அதாவது அறைகளின் விவரப் பட்டியலில், 'சீலிங் உயரம்' என்று ஒரு பத்தி (நெடுவரிசை) இருந்தால், அந்த எண்கள் மாடலிலிருந்து வந்தவையா, யாரோ உட்கார்ந்து தட்டியவையா என்று பார்க்காமல் பில்லை செட்டில் செய்யாதீர்கள்.

கோவையில் மூன்று மாடி டயக்னாஸ்டிக் சென்டர் ஒன்றின் உள்வேலை எங்களிடம் வந்தது. ஆள் போதாததால் மாடலிங்கை ஒரு பிஐஎம் (கட்டடத் தகவல் மாடலிங்) ஸ்டூடியோவிடம் ஒப்படைத்தோம். "சீலிங் உயரம் மாடலிலிருந்தே ஷெட்யூலுக்கு வரும், டைனமோ ஸ்கிரிப்ட் உட்பட" என்று கொட்டேஷனில் அவர்களே எழுதி, அதற்கென்று தனியாக 18,000 ரூபாய் போட்டிருந்தார்கள். டைனமோ என்பது ரெவிட் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் ஸ்கிரிப்ட் எழுதும் கருவி. பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டோம். காரணம், ரெவிட்டில் அது சும்மா கிடைக்கிற விஷயம் இல்லை.

ரெவிட்டில் ஓர் அறைக்குத் தன் பரப்பளவு தெரியும், சுற்றளவு தெரியும்; தலைக்கு மேல் எந்த சீலிங் இருக்கிறது என்று தெரியாது. அறையின் விவரங்களில் 'அன்பவுண்டட் ஹைட்' என்று ஒன்று காட்டும். அது அறைக்கு நாம் வைத்த மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உள்ள தூரம், அவ்வளவுதான். சீலிங்கை 2400 மி.மீ.-க்கு இறக்கினாலும் அது அசையாது. சீலிங்கின் உண்மையான உயரம் சீலிங்கிடமே, 'ஹைட் ஆஃப்செட் ஃப்ரம் லெவல்' (அந்த மாடிக்கு மாடலில் வைத்த அடிப்படை மட்டத்திலிருந்து உயரம்) என்ற இடத்தில் இருக்கிறது. சரி, சீலிங்குக்குத் தனி ஷெட்யூல் போட்டால் என்ன? போடலாம், உயரம் வரும், ஆனால் எந்த அறையின் சீலிங் என்று வராது. கதவுக்கும் மேஜை நாற்காலிக்கும் தாங்கள் எந்த அறையில் இருக்கிறோம் என்று தெரிகிறது, சீலிங்குக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் ஸ்கிரிப்ட்.

மாடல் வந்தது, ஷெட்யூலும் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. குட்டு வெளிப்பட்டது ஒரு சின்ன விஷயத்தில். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் மில்லிமீட்டர் வேண்டாம், அடி இஞ்ச் கணக்கில் கொடுங்கள் என்றார். நம் ஊரில் இது வழக்கம்தானே. யு, என் இரண்டையும் தட்டி ப்ராஜெக்ட் யூனிட்டை அடிக்கு மாற்றினேன். பரப்பளவு சதுர அடியானது, சுற்றளவு அடிக்கு மாறியது. சீலிங் உயரம் மட்டும் 2700, 2700 என்று அப்படியே நின்றது.

நீள அளவாக உருவாக்கிய பத்தி என்றால் யூனிட் மாறும்போது கூடவே மாறியிருக்க வேண்டும். இது வெறும் டெக்ஸ்ட். உற்றுப் பார்த்தால் ஒரு கட்டத்தில் '2700', அடுத்ததில் '2700mm', எங்கோ ஒன்றில் '2,700', இன்னொன்றில் எண்ணுக்குப் பின்னால் ஒரு வெற்று இடம். எந்த ஸ்கிரிப்டும் இப்படி எழுதாது. வேறு வேறு ஆட்கள் வேறு வேறு நாளில் தட்டியது.

ரெக்கார்டு அறையை மாடலில் திறந்தால் சீலிங் 2550-இல் இருந்தது. ஏசி டக்ட் அந்த வழியாகப் போவதால் வேலை நடுவில் இறக்கச் சொல்லியிருந்தோம், அதை ஒழுங்காக இறக்கியும் இருக்கிறார்கள். ஷெட்யூலில் பழைய 2700. ஒரே ஃபைல், இரண்டு பேச்சு. சீலிங் பிளானைப் பார்த்து வேலை செய்தவர் சரியாக 2550-இல் போட்டு முடித்தார். அலமாரி செய்யும் ஃபேக்டரிக்குப் போனது ஷெட்யூல். அவர்கள் கீழ்ப்பெட்டி 2100, மேலே லாஃப்ட் 590 என்று பிரித்து மொத்தம் 2690-க்குச் செய்து, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

சைட்டில் லாஃப்ட் ஏறவில்லை. அறுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஷட்டரில் கீலுக்கான 35 மி.மீ. குழிகள் ஏற்கெனவே மெஷினில் போட்டவை. மேலே அறுத்தால் மேல் கீல் விளிம்புக்குப் போய்விடும், கீழே அறுத்தால் கீழ்க் கீல். பலகை விளிம்பில் ஒட்டிய பட்டையும் (எட்ஜ் பேண்ட்) போச்சு. சைட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒட்டுவதெல்லாம் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆகாது. கடைசியில் அந்த அறையின் லாஃப்ட் முழுவதும் புதிதாகச் செய்தோம், எங்கள் செலவில். கிளையன்ட்டிடம் எந்த முகத்தோடு கேட்பது?

ஸ்டூடியோவைக் கூப்பிட்டோம். முதல் பதில்: "சார், உங்க சிஸ்டம்ல ஷெட்யூல் ரெஃப்ரெஷ் ஆகல." டெக்ஸ்டில் ரெஃப்ரெஷ் செய்ய என்ன இருக்கிறது? அதைச் சொன்னதும் சுருதி மாறியது: "ரெவிட்ல அந்த வசதியே கிடையாது சார், எல்லாரும் கையாலதான் போடுவாங்க." முதல் பாதி உண்மை. அந்த வசதி இல்லாததால்தானே ஸ்கிரிப்ட் என்று சொல்லி 18,000 வாங்கினீர்கள்? டைனமோ ஃபைலை அனுப்புங்கள் என்றால், அது எங்கள் கம்பெனி ரகசியம் என்றார்கள். இல்லாத ஃபைலுக்கு ரகசியம் வேறு. அப்புறம் திருத்திக் கொடுக்கக் கூடுதல் பணம் கேட்டார்கள், 'டிசைன் சேஞ்ச்' என்ற தலைப்பில்!

நாங்கள் விடாமல் நெருக்கியதும் இரண்டாவது ஷெட்யூல் ஒன்று வந்தது. இந்தத் தடவை எண்கள் யூனிட்டோடு மாறின. கட்டத்தில் கைவைத்து எழுதவும் முடியவில்லை. பரவாயில்லையே என்று வரவேற்பு அறையைப் பார்த்தால் உயரம் 2611. அந்த அறையில் 2611 உயரத்தில் எதுவுமே கிடையாது. பத்து மீட்டருக்கு ஆறு மீட்டர் அறை. சுற்றிலும் 600 அகலத்துக்கு சீலிங் 2400-இல், நடுப்பகுதி 2700-இல். அவர்கள் செய்தது என்னவென்றால், 'ஏரியாஸ் அண்ட் வால்யூம்ஸ்' கணக்கைப் போட்டுவிட்டு, கொள்ளளவைப் பரப்பளவால் வகுத்து ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். 156.672 கன மீட்டரை 60-ஆல் வகுத்தால் 2.611. சராசரி!

இந்த வகுத்தல் வழி முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். சீலிங் அறை முழுக்க ஒரே மட்டத்தில் இருந்து, சீலிங்கில் 'ரூம் பவுண்டிங்' (இதை அறையின் எல்லையாக எடுத்துக்கொள் என்ற அமைப்பு) டிக் இருந்து, அறையின் மேல் எல்லை சீலிங்குக்கு மேலே இருந்தால் சரியான விடை வரும். மேல் எல்லை சீலிங்குக்குக் கீழே இருந்தால் கொள்ளளவு அங்கேயே வெட்டுப்படும், எண்ணும் பொய். சீலிங் வேறு ஃபைலில் இருந்து லிங்க் ஆகி வந்தால் அந்த லிங்க்குக்கும் ரூம் பவுண்டிங் போட வேண்டும். ஆனால் இரண்டு மட்டம் வந்த நிமிடமே சராசரி ஆபத்து. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 படி ஏசி அறையில் தரையிலிருந்து டக்ட் அல்லது ஃபால்ஸ் சீலிங்கின் தாழ்ந்த இடம் வரை குறைந்தது 2.4 மீட்டர் வேண்டும். பாதி 2.2, பாதி 2.7 என்று இருக்கும் அறை சராசரியில் 2.45 என்று காட்டி, காகிதத்தில் பாஸ் ஆகிவிடும்.

பிறகு எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்தான். ஒவ்வொரு அறையின் எல்லைக்குள்ளும் வரும் சீலிங்குகளைப் பிடித்து, தாழ்ந்த உயரத்தையும் உயர்ந்த உயரத்தையும் இரண்டு தனிப் பத்திகளில் நீள அளவாக எழுதுகிறது. அறையின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஒரு கோடு விட்டுப் பார்ப்பது சுலபமான வழி, ஆனால் எங்கள் வரவேற்பு அறையில் அது 2700 என்று மட்டும் சொல்லி ஓரத்து 2400-ஐ விட்டுவிடும். இன்னொன்றும் அவன் கவனித்தான்: உயரம் லெவலிலிருந்து அளக்கப்படுகிறது. எங்கள் மாடலில் லெவல் ஸ்லாப் மட்டத்தில் இருந்ததால் டைல்ஸ் தடிமனைக் கழித்தால்தான் நிற்கும் ஆளுக்குக் கிடைக்கும் உயரம் வரும்.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. பிடிஎஃப், எக்செல் போதாது, ரெவிட்டின் மூல ஃபைலான ஆர்விடி ஃபைலையே வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் ரெவிட் பதிப்பிலேயே வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையதில் திறக்க முடியாது. யூனிட்டை மாற்றிப் பாருங்கள். ஏதாவது ஓர் அறையின் சீலிங்கை 100 இறக்கிவிட்டு ஷெட்யூலைப் பாருங்கள். அசையவில்லை என்றால் ஸ்கிரிப்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டைனமோவை மறுபடி ஓட்டினால்தான் எண் புதுப்பிக்கும், அது குற்றமில்லை. ஓட்ட ஸ்கிரிப்டே இல்லை என்று மழுப்பினால்தான் குற்றம்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். வியாபார நோக்கத்துக்காக வாங்கும் சேவையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தன் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். ஆகவே ஸ்டூடியோ பெயரைத் தனியாகக் கேட்காதீர்கள். மீதித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். நோட்டீஸுக்கு இதுவரை பதில் இல்லை. அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து 'பேலன்ஸ் பேமென்ட் ரிமைண்டர்' மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.