இறந்தவரின் கடனைக் கேட்டு வருபவர்களிடம் எதிலும் கையெழுத்திட வேண்டாம்

வங்கியில் தனிநபர் கடன் வாங்கியிருந்த ஒருவர் தவணை முடியும் முன்பே இறந்துவிட்டால், அந்த வீட்டுக்கு வரும் வசூல் முகவர்கள் முதலில் செய்கிற வேலை, இனி அந்தக் கடன் உங்களுடையது என்று மனைவியையோ மகனையோ நம்பவைப்பதுதான். துக்க வீட்டில் யாரும் கடன் பத்திரத்தை எடுத்து நிதானமாகப் படித்துப் பார்க்கும் நிலையில் இருக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் குடும்பத்தில் நடந்ததை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், எங்களிடம் யாரும் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம், அதாவது கடனோடு சேர்த்தே எடுக்கப்பட்டிருந்த ஆயுள் காப்பீடு, வேறு பல வீடுகளிலும் கேட்பாரற்றுக் கிடக்கக்கூடும் என்பதுதான்.

என் அண்ணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். 2022 நவம்பரில் ஒரு தனியார் வங்கியில் 5,00,000 ரூபாய் தனிநபர் கடன் வாங்கினார். மாதத் தவணை 13,915 ரூபாய், மொத்தம் 48 தவணைகள். ஒன்றுகூடத் தவறாமல் கட்டிவந்தவர், 2024 செப்டம்பர் இறுதியில் மாரடைப்பால் இறந்துபோனார். அக்டோபர் தவணைக்குக் கணக்கில் பணம் இல்லாததால் ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனது; கருமாதிகூட முடியவில்லை, அதற்குள் அழைப்புகள் தொடங்கிவிட்டன. காலை ஏழு மணிக்கு முன்பும் இரவு ஒன்பது மணிக்குப் பின்பும் வெவ்வேறு எண்களிலிருந்து பேசினார்கள். இறப்புச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள்; அனுப்பினோம். அதற்குப் பிறகும் இன்னொருவர் அழைத்து, இறந்தவரையே போனில் கொடுக்கச் சொன்னார். அண்ணன் வேலை பார்த்த கம்பெனிக்கும், கடன் விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸாக எண் கொடுத்திருந்த மளிகைக் கடைக்காரருக்கும்கூடப் பேசி, இந்தக் குடும்பம் பணத்தை ஏமாற்றப் பார்க்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதன் பிறகு ஓர் இரவு எட்டரை மணிக்கு மேல் இருவர் பைக்கில் வந்தார்கள். அண்ணி குடியிருப்பது லைன் வீடு. வாசலில் நின்று பேசினால் வரிசையில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் கேட்கும் என்பதால்தான் அவர்கள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்கள் என்று நினைக்கிறேன். அடையாள அட்டை கேட்டதற்கு ஆபீஸில் இருக்கிறது என்று பதில். ஒருவர் தணிந்த குரலில்தான் பேசினார்: "ஏனுங்க அக்கா, லோன் பேப்பர்ல நாமினின்னு உங்க பேருதானுங்களே இருக்குது? அப்பக் கடனும் உங்களுதுதானுங்க. இன்னைக்கு ஒரு 5,000 ஜிபே பண்ணி உடுங்க, நான் மேல சொல்லிப் பாக்கறேன்." கூட வந்தவர் அப்படியில்லை. பி.எஃப். பணம் வருமில்லையா, அதை எடுத்துக் கட்டு என்றார். கட்டாவிட்டால் மகனுக்கு எந்த வங்கியிலும் கல்விக் கடன் கிடைக்காது என்றார். கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, கீழே கையெழுத்துப் போடுங்கள், விவரத்தை நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். கொழுந்தனார் வந்துதான் எதுவும் என்று சொல்லி அண்ணி கதவைச் சாத்திவிட்டார். ஜிபேவுக்காக அவர்கள் கொடுத்த எண் வங்கியுடையது அல்ல, அந்த ஆளின் சொந்த எண் என்பது பிறகு தெரிந்தது.

அவர்கள் சொன்னவற்றில் எதுவும் சட்டத்தில் நிற்காது. இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள், அவரிடமிருந்து தங்களுக்கு வந்து சேர்ந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பாவார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. தந்தை பட்ட கடனை மகன் அடைத்தே தீரவேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கடமையையும், 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு ஏற்பட்ட கடன்களைப் பொறுத்தவரை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. வருங்கால வைப்புநிதியை (பி.எஃப்.) பற்றிச் சொன்னது இன்னும் மோசம்: அப்போது நடைமுறையில் இருந்த 1952-ஆம் ஆண்டு வைப்புநிதிச் சட்டத்தின் 10-ஆவது பிரிவின்படி, உறுப்பினர் இறந்த பின் நாமினிக்குச் சேரவேண்டிய அந்தத் தொகை, இறந்தவர் பட்ட கடன் எதற்கும் ஆட்படாதது. மகனின் கல்விக் கடன் என்பது வெறும் மிரட்டல்; தந்தையின் கடன் தந்தையின் கடன் பதிவில்தான் ஏறும், அதில் கையெழுத்திடாத மகனின் பதிவில் ஏறாது. அந்த வெள்ளைத் தாள்தான் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஏனென்றால் அதில் கையெழுத்திட்டிருந்தால், அதுவரை இல்லாத ஒரு பொறுப்பை அண்ணி தாமாகவே ஏற்றுக்கொண்டார் என்று வாதிட அவர்களுக்கு ஓர் ஆவணம் கிடைத்திருக்கும்.

இதற்கு விதிவிலக்குகள் இருப்பதையும் சொல்லவேண்டும். மனைவியோ மகனோ இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் முழுக் கடனுக்கும் அவர்கள் பொறுப்பு. வீட்டுக் கடன், வாகனக் கடன், நகைக் கடன் ஆகியவற்றில் அடமானப் பொருளின் மீது வங்கிக்கு உள்ள உரிமை, கடன்தாரர் இறந்ததால் போய்விடாது. இறந்தவர் பெயரில் நிலமோ வைப்புத்தொகையோ இருந்தால் அதன் மீது வங்கி வழக்குத் தொடரலாம். எங்கள் விஷயத்தில் அண்ணி எதிலும் கையெழுத்திட்டிருக்கவில்லை. அண்ணன் விட்டுச்சென்ற சொத்து என்று சொல்ல ஒரு பழைய ஸ்கூட்டர்தான் இருந்தது.

ஆனால் "நாமினி" என்று அந்த ஆள் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வைப்புத்தொகைக்கு நாமினி உண்டு, காப்பீட்டுக்கு உண்டு. கடனுக்கு எதற்கு நாமினி? கிளைக்குச் சென்று கடன் அனுமதிக் கடிதத்தையும் கடன் கணக்கு அறிக்கையையும் எழுத்துமூலம் கேட்டோம். அங்கிருந்தவர்கள் முதலில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடமிருந்து அதை வாங்கிக் கொடுத்த பிறகே தாள் கைக்கு வந்தது. கடன் 5,00,000 என்றாலும் அண்ணனின் கணக்கில் வரவானது 4,75,800 மட்டுமே. பிராசசிங் கட்டணம் 10,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,800, அதற்குக் கீழே, எந்த விளக்கமும் இல்லாமல், "ஜி.சி.எல். பிரீமியம்" என்று ஒரு 12,400 ரூபாய். அது குரூப் கிரெடிட் லைஃப் எனப்படும் குழுக் காப்பீடு.

தனிநபர் கடன் வாங்கும் பெரும்பாலோருக்கு இது தெரிவதே இல்லை என்பதால் இதன் நடைமுறையைச் சற்று விளக்குகிறேன். வங்கி ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் முதன்மைப் பாலிசி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கடன் வாங்குபவர்களை அதில் உறுப்பினர்களாகச் சேர்க்கிறது. பிரீமியத்தைக் கடன் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்கிறது. கடன்தாரர் இறந்தால், பாலிசி வகையைப் பொறுத்து, அன்றைக்கு அட்டவணைப்படி மிஞ்சியுள்ள அசலைக் காப்பீட்டு நிறுவனம் வங்கிக்குச் செலுத்திவிடும். காப்பீட்டுத் தொகை கடைசிவரை குறையாத வகையாக இருந்தால், கடன் போக மீதி நாமினிக்கு வரும். உறுப்பினர் சான்றிதழ் பொதுவாக மின்னஞ்சலில்தான் வருகிறது. அண்ணனின் போனைத் திறந்து தேடியபோது, 2022 நவம்பரிலேயே வந்து படிக்கப்படாமல் கிடந்தது. அண்ணன் இறந்த தேதியில் அட்டவணைப்படி மிச்சமிருந்த அசல் 3,07,000 ரூபாய்க்குச் சற்று மேல்; அது முழுவதும் காப்பீட்டுக்குள் அடங்கியிருந்தது. அதாவது, அண்ணியை வாசலில் நிறுத்தி மிரட்டிக் கேட்ட பணம், காப்பீட்டு நிறுவனத்திடம் வங்கி கேட்டு வாங்கியிருக்கவேண்டிய பணம். வசூலித்துக் கொடுத்தால் ஏஜென்சிக்குக் கமிஷன் உண்டு, காப்பீட்டைப் பற்றிச் சொன்னால் ஒன்றும் இல்லை என்பதைத் தவிர, இதை எங்களிடம் மறைத்ததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு போனில் பேசுவதை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் கடிதத்தில் வைத்துக்கொண்டோம். கிளை மேலாளருக்கும் புகார்களைக் கவனிக்கும் வங்கியின் முதன்மை நோடல் அதிகாரிக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினோம். கடன்தாரர் இறந்த தேதி, காப்பீட்டுச் சான்றிதழ் எண், அண்ணி கடன்தாரரோ ஜாமீன்தாரரோ அல்ல என்பது, வீட்டுக்கு வந்தவர்களின் பைக் எண், அழைப்பு வந்த எண்களும் நேரங்களும் ஆகிய அனைத்தையும் அதில் குறிப்பிட்டோம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸாகக் காட்டப்பட்டவர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடவோ பொதுவில் அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையையும் எடுத்துக்காட்டினோம். எந்த ஏஜென்சியிடம் கணக்கு ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பதை வங்கி முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும், முகவர் அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்கவேண்டும், புகார் நிலுவையில் இருக்கும்போது அந்தக் கணக்கை முகவரிடம் அனுப்பக் கூடாது என்பவை 2008-லேயே வங்கிகளுக்குச் சொல்லப்பட்டவை. கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அழைப்புகள் குறைந்தன; ஆனால் நிற்கவில்லை.

நிறுத்தியது காவல் நிலையம்தான். முதலில் "கடன் விவகாரமெல்லாம் சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். நாங்கள் புகார் சொல்வது கடனைப் பற்றியல்ல, இரவில் வீட்டு வாசலில் நின்று ஒரு பெண்ணை மிரட்டியதைப் பற்றி என்று விளக்கி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு எழுதிய மனுவைக் கொடுத்தோம், புகார் பெற்றுக்கொள்ளப்பட்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அந்த ரசீதின் நகலை வங்கிக்கு அனுப்பிய பிறகு ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை. ரசீது தராமல் மனுவை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. வாங்காமல் வெளியே வராதீர்கள்.

காப்பீட்டுக் கோரிக்கையில் பெரிய சிக்கல் இல்லை. பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகாததால், முன்பே நோய் இருந்ததா என்று மருத்துவமனைக் குறிப்புகளைக் கேட்டார்கள், கொடுத்தோம். 2025 தொடக்கத்தில் தொகை வங்கிக்குச் சென்றது. அதோடு முடிந்தது என்று நினைத்தபோது, இன்னும் ஏறத்தாழ 21,000 ரூபாய் பாக்கி என்று கடிதம் வந்தது. அண்ணன் இறந்த நாளிலிருந்து காப்பீட்டுப் பணம் வரும்வரையிலான வட்டி, பவுன்ஸ் கட்டணம், அபராதக் கட்டணம் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். இது சின்னத் தொகைதானே, கட்டித் தொலைத்துவிடலாம் என்று உறவினர்கள் பலரும் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. இறந்த செய்தி அக்டோபரிலேயே சான்றிதழுடன் தெரிவிக்கப்பட்டிருக்க, முதன்மைப் பாலிசியைத் தன் கையில் வைத்திருந்த வங்கி கோரிக்கையைத் தொடங்காமல் முகவரை அனுப்பிவிட்டு, அந்தத் தாமதத்துக்கான வட்டியை இறந்தவரின் வீட்டில் கேட்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வங்கியிடம் எழுத்தில் ஆட்சேபித்து, 30 நாட்களுக்குள் சரியான பதில் வராததால், 2021-இல் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஒம்புட்ஸ்மேன் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) திட்டத்தின் இணையதளத்தில் புகார் பதிவு செய்தோம். இதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வங்கியிடம் முதலில் புகார் செய்து ஒரு மாதம் காத்திருக்காமல் நேரே அங்கே சென்றால் மனு தள்ளுபடியாகிவிடும், ஆகவே வங்கிக்கு எழுதிய கடிதமும் ஒப்புகை அட்டையும்தான் அங்கே நம்முடைய முக்கிய ஆதாரம். விசாரணைக் கட்டத்திலேயே வங்கி அந்த 21,000 ரூபாயையும் நீக்கிவிட்டு, கடன் முழுவதும் தீர்ந்தது என்று என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கொடுத்தது. முகவர்களின் நடத்தைக்காக இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தார்கள். அந்த இருவர் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

என்.ஓ.சி. வந்து சில மாதங்களுக்குப் பிறகும் வேறொரு ஏஜென்சியிலிருந்து அதே கடன் எண்ணைச் சொல்லி அண்ணிக்கு அழைப்பு வந்தது. பழைய பட்டியல் கைமாறியிருக்கவேண்டும். கடிதத்தின் நகலை அனுப்பியதும் ஓய்ந்தது. கடன் வாங்கும்போது அண்ணன் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த தேதியிடாத இரண்டு காசோலைகளை வங்கி இன்னும் திருப்பித் தரவில்லை. அவற்றின் எண்களைக் குறிப்பிட்டு, கடன் தீர்ந்துவிட்டதால் அவற்றை ரத்துசெய்து அனுப்புமாறு பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறோம்.