ஆள் கூட்டுவதா, அலாரம் வைப்பதா: ஒரு கன்ட்ரோல் ரூம் கணக்கு

கோவையில் இரவுநேரக் கேமரா கண்காணிப்பு நடத்துகிறேன். குடோன், நூல் மில், பாதியில் நிற்கும் அடுக்குமாடி என்று ராத்திரியில் ஆள் இல்லாத இடங்கள்தான் பெரும்பாலும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை எங்கள் பொறுப்பு. 50 சைட் வரைக்கும் பெரிதாக யோசிக்கவில்லை. 200 சைட்டுக்குப் போகலாம் என்று உட்கார்ந்தபோது இரண்டு வழி தெரிந்தது. திரையையும் ஆளையும் கூட்டி, எல்லாக் கேமராவையும் நேரலையாகவே பார்ப்பது ஒன்று. ஆள் நடமாட்டம் தெரிந்தால் கேமராவே அலாரம் அனுப்ப, வந்ததை மட்டும் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதை எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேரலையின் கணக்கு லேசானது. சைட்டுக்கு 4 கேமரா என்றால் மொத்தம் 800. ஒரு ஆபரேட்டரிடம் 32 கேமரா கொடுத்தாலே அதிகம். இரண்டு மணி நேரம் அசையாத படங்களைப் பார்த்தவனுக்கு மூன்றாவது மணி நேரத்தில் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. அப்படி வைத்தாலும் 25 நாற்காலி. வாரத்துக்கு 7 ராத்திரி, ஒருவருக்கு 6 ராத்திரிதான் வேலை கொடுக்கலாம் என்பதால் 30 பேர். லீவு, பொங்கல், தீபாவளி சேர்த்தால் 33, 34. சப்ஸ்ட்ரீமை, அதாவது கேமரா அனுப்பும் தரம் குறைந்த படத்தை, 512 கேபிபிஎஸ் என்று குறைத்து வைத்தாலும் விடிய விடிய இணையம் வழியாக 400 எம்பிபிஎஸ் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நல்லது இருக்கிறது: கன்ட்ரோல் ரூமைப் பார்க்க வரும் முதலாளிகளுக்குச் சுவர் முழுக்கத் திரை இருந்தால்தான் நம்பிக்கை வருகிறது. என் இடத்தில் இப்போது நான்கு மேசைதான். ஒருத்தர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானுங்களா?" என்று கேட்டேவிட்டார்.

அலாரம் முறையில் ஆள் செலவும் இணையச் செலவும் குறையும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சந்தேகப்படும்படி யாராவது வந்தால் சைட்டில் இருக்கும் ஸ்பீக்கரில் குரல் கொடுப்பது, சைட்காரருக்கு போன், தேவைப்பட்டால் 100 அல்லது 112. இது இரண்டு முறைக்கும் பொது. அதை விடுவோம். என் அனுபவத்தில் தொழில் தேறுமா என்பதை முடிவுசெய்வது வேறொன்று: ஒட்டடை.

ராத்திரியில் கேமராவுக்குக் கண் தெரிவது லென்ஸைச் சுற்றியிருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கால். அந்த இளஞ்சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பூச்சி வரும், பூச்சியைத் தேடி சிலந்தியும் பல்லியும் வரும். லென்ஸுக்கு இரண்டு அங்குலம் முன்னால் ஆடும் ஒற்றை நூலிழை, திரையில் வெள்ளைக் கயிறு மாதிரி பளீரென்று தெரியும். ஆளையும் வண்டியையும் பிரித்தறியும் கேமராக்கள் இதில் நிறைய வடிகட்டிவிடும். வெறும் அசைவை வைத்து அலாரம் அடிக்கும் பழைய கேமராவோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் முழுதும் வடிகட்டாது.

கணக்கைப் பாருங்கள். சுத்தமான கேமரா ஒன்று ராத்திரிக்கு 5 பொய் அலாரம் அனுப்புகிறது என்று வையுங்கள். 780 கேமராவுக்கு 3,900. ஒன்றைப் பார்த்துத் தள்ள 20 விநாடி என்றால் மூன்று பேர் சமாளித்துவிடலாம். ஒட்டடை பிடித்த கேமரா நிமிஷத்துக்கு ஒன்று அனுப்பும், அதாவது ராத்திரிக்கு 480. அப்படி 20 இருந்தால் 9,600. இருபது கேமராவைத் துடைக்காமல் விட்டதற்கு ஏழு பேர் உட்கார வேண்டும்.

ஆள் போட்டுச் சமாளித்தாலும் ஆபத்து தீராது. போன வருஷம் ஒரு பஞ்சு குடோனில் மூன்றாம் நம்பர் கேமராவின் மேல் ஒரு பல்லி குடியிருந்தது. பத்து நாளாகத் திரையில் ராட்சச வால் ஆடிக்கொண்டிருந்தது, அலாரம் பார்க்கும் பையனும் பத்து நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தான். பதினோராம் நாள் அதே கேமராவில் நிஜமாகவே ஆள் ஏறிக் குதித்து, காப்பர் கேபிளைச் சுருட்டிக்கொண்டு போனான். "அதையும் பல்லின்னு நெனச்சுத் தள்ளி உட்டனுங்ணா" என்றான் பையன். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. துடைக்க ஆள் அனுப்பாதது நான்.

அதற்குப் பிறகு ஒப்பந்தத்திலேயே மாதம் ஒருமுறை லென்ஸ் துடைப்பதைச் சேர்த்துக் காசு வாங்குகிறேன். சைட்காரர்களே துடைப்பார்கள் என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. ஏணி எடுத்துப்போட யாருக்கும் மனசு வராது. பூச்சி வராமலிருக்கக் கேமராவின் கூட்டில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம், ஒரு மழைக்குத் தாங்கவில்லை. உருப்படியாகப் பலித்தது ஒன்றுதான்: கேமராவின் ஐஆரை அணைத்துவிட்டு, நாலைந்து அடி தள்ளித் தனி ஐஆர் விளக்கு போடுவது. பூச்சி விளக்குக்குப் போகிறது, கேமரா தப்பிக்கிறது. கூடுதல் செலவுதான், அதனால் தொல்லை தரும் கேமராவுக்கு மட்டும். கடைசியாக நான் வேலைக்கு எடுத்த மூன்று பேரில் இரண்டு பேர் ஏணியும் பைக்கும் உள்ள டெக்னீஷியன்கள். திரை முன்னால் உட்கார வந்தது ஒருவர்தான்.

நேரலையை முழுசாக விட்டுவிடவும் இல்லை. ஆறு சைட்டை இன்னும் அப்படித்தான் பார்க்கிறோம். ராத்திரி முழுக்க லோடு ஏறி இறங்கும் லாரி செட்டில் அலாரம் வைத்தால் அது ஓயவே ஓயாது. அங்கே கண்தான் வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.

மூன்றாவதாக ஒன்றைப் பலரும் கேட்கிறார்கள். பழைய டிவிஆர் (கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி) வைத்திருப்பவர் எல்லாக் கேமராவையும் மாற்ற மாட்டார். 2025 ஏப்ரல் முதல் எஸ்டிக்யூசி என்ற மத்திய அரசுத் தரச் சோதனை அமைப்பின் சான்று பெற்ற கேமராக்களைத்தான் விற்கலாம் என்றாகிவிட்டதால், கைக்குக் கிடைத்ததை மலிவாக வாங்கி மாட்டும் வழியும் இல்லை. அவருக்கு டிவிஆரின் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து, அதை ஆள் கண்டுபிடிக்க விடலாம். மூன்று சைட்டில் வைத்திருக்கிறேன். இரண்டு சமர்த்தாக ஓடுகின்றன. தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் மூன்றாவது, மே மாத மதியத்தில் சூடேறி இயங்காமல் நின்றுபோய், ராத்திரி 10 மணிக்கு நாங்கள் பார்க்கும்போது செத்துக் கிடந்தது, இரண்டு முறை. ஃபேன் போட்ட பிறகு சரியாக இருக்கிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் தார்ப்பாயும் மரக்கிளையும் ஆட ஆரம்பித்தால் அந்தப் பெட்டி என்ன செய்யும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். அதுவரை நாலாவது பெட்டி வாங்குவதாக இல்லை.