ஏர் சுவிதா: கொரோனா காலத்து விமானப் படிவம் எப்படி வேலை செய்தது?

2020 ஆகஸ்ட் முதல் 2022 நவம்பர் வரை வெளிநாட்டிலிருந்து இந்தியா வந்த பயணிகள் விமானம் ஏறுமுன் நிரப்ப வேண்டியிருந்த இணையப் படிவம் ஏர் சுவிதா. டெல்லி விமான நிலைய நிறுவனம் உருவாக்கியது. சுகாதாரம், விமானப் போக்குவரத்து, வெளியுறவு ஆகிய அமைச்சகங்கள் சேர்ந்து நடத்தின. சேவை மூடப்பட்டுவிட்டது. ஆனால் அடுத்த தொற்று வந்தால் அரசு முதலில் கையில் எடுக்கப்போவது இதையோ இதைப் போன்ற ஒன்றையோதான். அதனால் ஒரு சேவையாக இது எப்படி இருந்தது என்று இப்போதே எடைபோட்டு வைப்பது நல்லது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். சோதனையை வந்திறங்கும் ஊரிலிருந்து புறப்படும் ஊருக்கு நகர்த்தியது சரியான முடிவு. அந்தச் சோதனையின் சுமையைப் பயணியின் தலையிலும் செக்-இன் கவுண்டர் ஊழியரின் தலையிலும் இறக்கி வைத்ததுதான் கோளாறு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 2020 ஜனவரியில் நம் விமான நிலையங்களில் இருந்தவை வெப்பமானியும் காகிதப் படிவமும்தான். வெப்பமானி தோலின் சூட்டைத்தான் அளக்கும். தொற்றிய முதல் நாட்களில் காய்ச்சல் இருக்காது; இருந்தாலும் ஒரு பாராசிட்டமால் போதும், கருவி கண்டுபிடிக்காது. நோய் நாட்டுக்குள் வந்ததோ பயணிகளோடுதான்: ஜனவரி 30-ஆம் தேதி கேரளத்தில் உறுதியான நாட்டின் முதல் தொற்று, சீனாவின் வூஹானிலிருந்து திரும்பிய மாணவருடையது. காகிதப் படிவம் இன்னும் மோசம். ஒரு பெரிய விமானம் இறங்கினால் முந்நூறு பேர் ஒரே மேசையைச் சுற்றி நின்று, ஒரே பேனாவைக் கைமாற்றி எழுதுவார்கள். அந்தக் கையெழுத்தைப் படித்து, தொலைபேசி எண்களைக் கணினியில் ஏற்றி, மாவட்டத்துக்கு அனுப்புவதற்குள் பயணி வீட்டுக்குப் போய் உறவினர் எல்லோரையும் பார்த்திருப்பார்.

விமானப் பயணத்தில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பறக்கும்போது கேபின் காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது. ஏறக்குறைய பாதி வெளிக்காற்று. மீதி ஹெப்பா வடிகட்டி வழியாகத் திரும்பி வருவது, 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். காற்று கூரையிலிருந்து இறங்கித் தரையோரம் வெளியேறுவதால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் அதிகம் ஓடுவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் இருமினால் இது காப்பாற்றாது, அதற்கு முகக்கவசம்தான். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் நடைபாதையில் நெருக்கியடித்து நிற்கும் நேரமும், குடியேற்ற வரிசையும், பெல்ட் அருகே பெட்டிக்குக் காத்திருக்கும் கூட்டமும் கேபினில் உட்கார்ந்திருப்பதைவிடக் கவலைக்குரியவை. ஆகவே வரிசையைக் குறைக்கும் எந்த ஏற்பாடும் நோய்த்தடுப்பு ஏற்பாடுதான். ஏர் சுவிதாவின் முதல் மதிப்பு இதில் இருக்கிறது.

படிவம் கேட்டவை: பெயர், கடவுச்சீட்டு எண், விமான எண், இருக்கை எண், பிஎன்ஆர் என்ற டிக்கெட் முன்பதிவு எண், கடந்த 14 நாட்களில் போன நாடுகள், இந்தியாவில் தங்கும் முகவரி, தொடர்பு எண், நோய் அறிகுறிகள். கூடவே கடவுச்சீட்டின் முதல் பக்கமும் சோதனை அறிக்கையும், பிற்காலத்தில் தடுப்பூசிச் சான்றும் பதிவேற்ற வேண்டும். தகவல் விமான நிலையச் சுகாதார அதிகாரிகளுக்கும் மாநில அரசுக்கும் போகும். தொற்று உறுதியானவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு முன்னும் பின்னும் மும்மூன்று வரிசையில் யார் யார் என்று தேடுவதற்கு இருக்கை எண் உயிர்நாடி. பயணியைக் கண்டறியும் இந்த மாதிரிப் படிவம் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் கொரோனாவுக்கு முன்பே உண்டு. நம்மிடம் அது இணையத்தில் தயாராக இல்லை. சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23-இல் நின்றன, மீட்பு விமானங்கள் மே 7-இல் தொடங்கின, படிவம் வந்தது ஆகஸ்டில். நெருக்கடி நடுவில் கட்டிய சேவை இது என்பதை மனதில் வைத்துத்தான் குறைகளைப் பார்க்க வேண்டும்.

பயணிகளைப் பெரிதும் அலைக்கழித்தது கோப்புப் பதிவேற்றம். ஆவணம் பிடிஎஃப் வடிவில், 1 எம்பிக்குள் இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்த கடவுச்சீட்டுப் படம் ஜேபெக் கோப்பாக 3, 4 எம்பி வரும். அதைச் சுருக்கி பிடிஎஃப் ஆக்க வேண்டும். மகனைப் பார்த்துவிட்டு அமெரிக்காவிலிருந்து தனியாகத் திரும்பும் எழுபது வயது அம்மாவுக்கு இது பெரிய மலை. சர்வரிலேயே படத்தைச் சுருக்கிக்கொள்ளும் நிரல் எழுதுவது மிகச் சிறிய வேலை. அதைச் செய்யாததால் பலர் முன்பின் தெரியாத இலவசத் தளங்களில் கடவுச்சீட்டுப் படத்தை ஏற்றி பிடிஎஃப் ஆக்கினார்கள். பாதுகாப்புக்காக வைத்த வரம்பு பாதுகாப்பையே கெடுத்தது.

அடுத்தது, ஆளுக்கொரு படிவம். கைக்குழந்தையோடு நான்கு பேர் வந்தால் நான்கு படிவம். ஒரே முகவரியையும் விமான எண்ணையும் நான்கு முறை அடிக்கும்போது ஒன்றில் பிழை வரும். இருக்கை எண்ணோ வெப் செக்-இன் திறந்த பிறகுதான் கிடைக்கும். ஆக, எல்லா வேலையும் புறப்படும் நாளுக்கு வந்து சேரும். கவுண்டரில் நின்றபடி விமான நிலைய வைஃபையில் படிவம் நிரப்பியவர்களால் ஒவ்வொரு ஊரிலும் வரிசை நீண்டது. வரிசையைக் குறைக்க வந்த சேவை வரிசையை வேறு நாட்டுக்கு நகர்த்திவிட்டது.

2021 பிப்ரவரி 22 நள்ளிரவு முதல் பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் அறிக்கை கட்டாயமானது. 72 மணி என்பது எங்கே தொடங்குகிறது? மாதிரி எடுத்த நேரத்திலிருந்து, பயணத்தின் முதல் விமானம் புறப்படும் நேரம் வரை என்று கொள்வதே பாதுகாப்பு. முடிவு வந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய் வழியாகச் சென்னைக்கு ஞாயிறு மாலை புறப்படுபவர் வியாழன் மாலைக்குப் பிறகு மாதிரி கொடுக்க வேண்டும், ஞாயிறு காலைக்குள் முடிவு கைக்கு வர வேண்டும். நடுவில் சனிக்கிழமை, ஆய்வகம் தாமதித்தால் டிக்கெட் போச்சு. விதியில் 'மாதிரி எடுத்த நேரம்' என்ற மூன்று சொற்களைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். கடவுச்சீட்டில் முருகன் சுப்பிரமணியன் என்று விரித்து எழுதியிருக்கும், ஆய்வகம் எஸ். முருகன் என்று அறிக்கை தரும், கோவின் தளம் தரும் தடுப்பூசிச் சான்றில் ஆதாரில் உள்ளபடி வெறும் முருகன் என்றிருக்கும். மூன்றும் ஒருவரே என்று நமக்குத் தெரியும், ஃபிராங்பர்ட்டில் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. ஆய்வகத்தில் மாதிரி கொடுக்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி, அதில் உள்ள எழுத்துப்படி பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் அறிக்கையில் அச்சாகச் சொல்வதுதான் ஒரே வழி. எந்த நாட்டுப் பயணத்துக்கும் இது இன்றும் பொருந்தும்.

மன்னிக்க முடியாத குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், விலக்கு விதி. குடும்பத்தில் மரணம் என்றால் சோதனை அறிக்கை இல்லாமல் வரலாம் என்று விதி அனுமதித்தது. ஆனால் அந்த விலக்குக்கு விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அதே விதி சொன்னது. அப்பா இறந்த செய்தி வந்து, மூன்று நாள் காத்திருந்து விமானம் ஏற வேண்டும். உடலை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைத்திருக்கும் நம் வழக்கத்தில் இந்த விலக்கால் யாருக்கு என்ன பயன்? முடிவெடுக்க அதிகாரிகளுக்கு நேரம் வேண்டும் என்பது புரிகிறது. அதற்கு 24 மணி நேரமும் ஆள் இருக்கும் ஒரு பிரிவும், மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்குள் பதில் என்ற வரையறையும், வந்திறங்கியதும் சோதனை என்ற நிபந்தனையும் போதுமானவை. தனக்கு விலக்குக் கிடைத்துவிட்டதா என்று தெரியாமல் விமான நிலையத்தில் அழுதுகொண்டு நிற்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

ஒமிக்ரான் வந்தபோது சேவை ஓரளவு தேறியிருந்தது. 2021 டிசம்பர் 1 முதல் ஆபத்துப் பட்டியலில் உள்ள நாடுகளிலிருந்து வருவோருக்கு இறங்கியதும் சோதனை, முடிவு வரும்வரை காத்திருப்பு; மற்ற நாடுகளிலிருந்து வருவோரில் 2 சதவீதம் பேருக்கு மட்டும். டிசம்பர் 20 முதல் சென்னை உட்பட ஆறு பெருநகர விமான நிலையங்களுக்கு அந்தச் சோதனையை முன்பதிவு செய்யவும் ஏற்பாடு வந்தது. முன்பதிவு செய்ய முடியாதவரை ஏற்றாமல் விடக்கூடாது, விமான நிறுவனமே அவரைப் பதிவுக் கவுண்டருக்கு அழைத்துப் போக வேண்டும் என்ற வரி அந்த உத்தரவில் இருந்தது. படிவத்தில் தவறினாலும் பயணம் தவறக்கூடாது என்ற இந்தப் பார்வை தொடக்கம் முதலே இருந்திருக்க வேண்டும்.

ஒப்பிட, சிங்கப்பூர் நல்ல எடுத்துக்காட்டு. சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து தடுப்பூசி போட்டவர்களுக்கான தனிப் பாதையை அது 2021 நவம்பர் 29-இல் திறந்தது. தடுப்பூசிச் சான்றை முன்கூட்டியே பதிவேற்ற வேண்டும், அங்குள்ள அரசு அதைச் சரிபார்த்து ஒப்புதல் கடிதம் தரும், சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் எடுக்கும் சோதனைக்கு முன்பே பணம் கட்டிவிடலாம். கவுண்டர் ஊழியர் சான்றை ஆராய வேண்டியதில்லை. பாதிச் சுமையை அரசு ஏற்றுக்கொண்டது என்பதுதான் வித்தியாசம். அங்கும் குறை உண்டு: இடங்களுக்கு வரம்பு இருந்தது, டிசம்பர் 22 முதல் புதிய டிக்கெட் விற்பனையைச் சில வாரங்கள் நிறுத்தினார்கள். ஆனால் ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவர்களைத் தொந்தரவு செய்யவில்லை.

உள்நாட்டுப் பயணத்துக்கு இப்படி ஒற்றைச் சேவையே இல்லை. 2020 மே 25-இல் மூன்றில் ஒரு பங்கு விமானங்களோடு தொடங்கியபோது மத்திய அரசு விதிகளை நுணுக்கமாகவே எழுதியிருந்தது. வெப் செக்-இன் கட்டாயம், ஒரே ஒரு செக்-இன் பெட்டி, புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு ஏறத் தொடங்கி 20 நிமிடம் முன்பு கதவு மூடல். பெட்டிக்கான சீட்டை அச்சிட முடியாதவர் தடித்த அட்டையில் பெயரும் பிஎன்ஆரும் எழுதிக் கயிற்றால் கட்டலாம் என்பதுவரை இருந்தது. அச்சுப்பொறி எல்லார் வீட்டிலும் இல்லை என்பதை யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த அக்கறை பாராட்டுக்குரியது. ஆனால் இறங்கிய பிறகு மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். தமிழ்நாடு தொடக்கத்தில் சென்னைக்கு ஒரு நாளைக்கு 25 வருகை விமானங்கள் போதும் என்றது, இ-பாஸ் என்ற இணைய அனுமதி கேட்டது, கையில் முத்திரை குத்தி 14 நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னது. பயணி விமான நிறுவனத்தின் தளம், அரசின் கொரோனா செயலியான ஆரோக்கிய சேது, இ-பாஸ் தளம் என மூன்றிலும் ஒரே விவரத்தைத் தனித்தனியாகக் கொடுத்தார்.

2022 நவம்பர் 22-இல் ஏர் சுவிதா நின்றது. 2023 ஜனவரி 1-இல் சீனா, ஹாங்காங், சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியா, தாய்லாந்து பயணிகளுக்காக மட்டும் திரும்ப வந்து, பிப்ரவரியில் மறுபடி மூடப்பட்டது. தேவைப்பட்டபோது சில நாட்களுக்குள் சேவையை உயிர்ப்பிக்க முடிந்தது என்பது இதன் பெரிய பலம். தூங்க வைத்த நிலையில் இப்படி ஒன்றைப் பராமரிப்பதுதான் திட்டமிடல்.

2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவருக்கு மின் வருகை அட்டை வந்திருக்கிறது. வருகைக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் நிரப்பலாம். அடுத்த சுகாதார நெருக்கடிக்கான படிவத்தைத் தனியாகக் கட்டாமல் இதிலேயே மறைவாக ஒரு சுகாதாரப் பகுதியை வைத்து, அவசரத்தில் இந்தியக் குடிமக்களுக்கும் திறந்துவிடலாம். குடும்பத்துக்கு ஒரே படிவம் போதும். கைபேசிப் படத்தை அப்படியே ஏற்க வேண்டும். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் கேள்விகள் இருக்க வேண்டும். கோவின் சான்றில் ஏற்கெனவே மின்கையொப்பமிட்ட கியூஆர் குறி இருக்கிறது, ஆய்வக அறிக்கைக்கும் அதுவே வேண்டும். கணினி சரிபார்த்துப் பச்சை காட்டினால் கவுண்டர் ஊழியர் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. கொடுத்த முகவரியும் உடல்நல விவரமும் எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பது படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏர் சுவிதா தொடங்கியபோது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இல்லை, 2023-இல் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு விமான நிலையத்தில், உண்மையான ஒரு விமானத்தின் பயணிகளோடு இதை ஒத்திகை பார்க்க வேண்டும். அந்த ஒத்திகைக்கு முதலில் அழைக்க வேண்டியது கைபேசியில் பழக்கமில்லாத மூத்த பயணிகளை.