யெல்லோஸ்டோனில் ஒரே நாள்: லோயர் லூப்பா, அப்பர் லூப்பா?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு ஒரு வாரம் ஒதுக்கிப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. நண்பர்களோடு வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் இரவு தங்கி, விடிந்ததும் உள்ளே நுழைந்து, இருட்டும்போது வெளியே வந்துவிட வேண்டும் என்றால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பூங்காவின் பிரதான சாலை எட்டு வடிவில் ஓடுகிறது. கீழ்ச்சுழி (லோயர் லூப்) 96 மைல், மேல்சுழி (அப்பர் லூப்) 70 மைல். "இவ்வளவுதானே, ரெண்டையும் முடிச்சிடலாம்டா" என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருத்தர் சொல்வார். அவரை ஸ்டியரிங் பக்கமே விடாதீர்கள். பூங்காவுக்குள் பெரும்பாலான இடங்களில் மணிக்கு 45 மைலுக்கு மேல் போகக்கூடாது. பைசன் (காட்டெருமை) மந்தை ரோட்டில் இறங்கிவிட்டால் அதுவும் கிடையாது.

நாங்கள் போனது லோயர் லூப். யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நுழைவுக் கட்டணம் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குக் காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். அருவி வேண்டுமென்றால் கீழே 308 அடி லோயர் ஃபால்ஸ், மேலே 132 அடி டவர் ஃபால். விலங்குகளுக்குக் கீழே ஹேடன் பள்ளத்தாக்கு, மேலே லாமர் பள்ளத்தாக்கு. செல்போன் சிக்னல் இரண்டு பக்கமும் திண்டாட்டம்தான். பூங்காவின் ஆப்பை முந்தின இரவே ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: நீங்கள் பார்க்க வந்தது நீங்கள் இருக்கும் நேரத்தில் நடக்குமா? ஒரு நாள் பயணத்தில் இதைவிடப் பெரிய கணக்கு இல்லை. உலகில் இயங்கும் வெந்நீர் பீச்சுகளில் (கெய்சர்) ஏறக்குறைய பாதி இந்தப் பூங்காவில்தான் இருக்கின்றன. ஆனால் நேரம் கணித்துச் சொல்லக்கூடியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவை எல்லாம் லோயர் லூப்பில் இருக்கின்றன.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் கெய்சரை எடுத்துக்கொள்ளுங்கள். போன தடவை எவ்வளவு நேரம் பீச்சியது என்பதைப் பார்த்துத்தான் அடுத்ததைக் கணிக்கிறார்கள். இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் உள்ளே சூடான நீர் மிச்சமிருக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மறுபடி வரும். அதற்கு மேல் நீடித்திருந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். பத்து நிமிடம் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். பார்வையாளர் மையத்தில் நேரத்தை எழுதி வைக்கிறார்கள். அந்த இடைவெளியில் மரப்பலகைப் பாதையில் மார்னிங் குளோரி குளம் வரை நடக்கலாம். வழியில் ரிவர்சைடு கெய்சருக்கும் நேரம் போட்டிருப்பார்கள். அது ஆற்றின் குறுக்கே சாய்வாக வளைந்து பீச்சும். வாய்த்தால் விடாதீர்கள்; என் கண்ணுக்கு ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லைவிட இதுதான் அழகு.

அப்பர் லூப்காரர்கள் ஸ்டீம்போட்டைச் சொல்வார்கள். இயங்கும் கெய்சர்களில் உலகிலேயே உயரமானது, 300 அடியைத் தாண்டும். சரிதான், ஆனால் எப்போது வரும்? 1911க்குப் பிறகு 1961 வரை அது பெரிதாகப் பொங்கவே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் வரும் என்று நம்பி எட்டு பேரைக் கூட்டிக்கொண்டு நிற்க முடியாது. இன்னொன்று, ஸ்டீம்போட் இருக்கும் நோரிஸ் இரண்டு சுழிகளும் சேரும் இடத்தில் இருக்கிறது. லோயர் லூப் போகிறவர்களுக்கும் அது வழியில்தான் வரும்.

மேல்பக்கத்துக்கே உரியது மாமத் என்ற இடத்தில் வெந்நீர் படியவிட்ட சுண்ணாம்புப் படிக்கட்டுகள். நான் வேறொரு சமயம் தூறலில் அவசரமாகப் பார்த்ததோடு சரி. வெந்நீர் தடம் மாறிக்கொண்டே இருப்பதால், போட்டோவில் பார்த்த படி நேரில் வறண்டு வெளுத்துக் கிடக்கலாம். லாமரில் விடியற்காலையில் நின்ற அனுபவம் எனக்கு இல்லை. 1995இல் மறுபடி கொண்டுவந்து விட்ட ஓநாய்களைப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் என் பேச்சைக் கேட்காமல் வடக்கே போங்கள்.

லோயர் லூப்பின் தலைவலி பார்க்கிங். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற பல நிற வெந்நீர் ஊற்றின் பக்கம் பகலில் கார்கள் ரோட்டோரம் வரை நிற்கும். ஆனால் கூட்டத்துக்குப் பயந்து காலையிலேயே போனாலும் பயனில்லை: குளிரில் ஆவி மூடி நிறமே தெரியாது. நடுவில் உயிர் தாங்காத சூட்டில் நீலம். விளிம்புகளில் நுண்ணுயிர்கள் தரும் மஞ்சளும் ஆரஞ்சும். அதைக் காண வெயில் ஏற வேண்டும். அதனால் கடிகாரச் சுற்றில் போகச் சொல்வேன். மேற்கு வாசலிலிருந்து வந்து மேடிசன் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பி முதலில் நோரிஸ், பிறகு கேன்யன், ஹேடன், வெஸ்ட் தம்ப். பிற்பகலில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல். திரும்பும் வழியில் ஃபேரி ஃபால்ஸ் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு மேட்டில் ஏறினால் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் முழுசாகத் தெரியும். ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். இரண்டு காரில் போனால் எங்கே சந்திப்பது என்பதை முன்பே பேசி வையுங்கள், உள்ளே போய் போன் செய்ய முடியாது. புளியோதரையைப் பிக்னிக் மேசையில் விட்டுவிட்டு போட்டோ எடுக்கப் போகாதீர்கள், கரடி உள்ள காடு.

நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இந்த விவாதத்துக்கே வேலையில்லை. வடக்கு வாசலில் உள்ள கார்டினரிலிருந்து மாமத், லாமர் வழியாக குக் சிட்டி போகும் சாலையில் மட்டும்தான் அப்போது சொந்தக் கார் ஓட்டலாம். பனிக்காலத்தில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பார்க்க வேண்டுமென்றால் பனியில் ஓடும் ஸ்னோகோச்சுக்கோ ஸ்னோமொபைலுக்கோ தனியாகக் காசு கொடுக்க வேண்டும்.